கழுத்துத் தகரமும் கணினி டோக்கனும்

நல்லதண்ணியை நாடறிந்திருப்பது சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியாகவே. பருவகாலத்தில் இரவெல்லாம் விளக்கெரியும் அப்படிக்கட்டுகளிலிருந்து விலகி, மஸ்கெலியாப் பக்கமாக உள்ள ஒரு தோட்டத்து லயத்திலே என் பெற்றோர் வசிக்கின்றனர். லயத்தின் பின்புறம் செங்குத்தான மண்மேடு. மழை வலுக்கும் இரவுகளில் விடுதியில் நித்திரையின்றிப் புரள்வது எனக்குப் பழகிப்போயிற்று. கலைப்பீடத்திலே புவியியல் பயிலும் நான் கணினி விடயத்தில் கைவைத்தமைக்கு வேறு காரணமில்லை.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பாயிருத்தல், 100 கடந்தால் ஆயத்தமாதல், 150 கடந்தால் வெளியேறுதல் என்பது மண்சரிவு தொடர்பாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகோல். அதனை எங்கள் மேட்டிற்குப் பொருத்திப் பார்ப்பதாயின் மழையை அவ்விடத்திலேயே அளக்க வேண்டும். விஞ்ஞானபீட நண்பரொருவர் மழைமானி ஒன்றைச் செய்து தந்தார். அதனுள்ளிருக்கும் சிறு வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர். அந்த எண்ணிக்கை கைத்தொலைபேசி வலையமைப்பினூடாக நண்பரின் பழைய கணினியிலுள்ள தரவுத்தளத்தை வந்தடையும். அங்கிருந்து அதனை வரைபாகத் திரையில் காட்டுவது கிராஃபானா என்ற மென்பொருள். 2014இல் வெளிவந்த இதனை எவரும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளைக் கண்காணிக்க இதனை வைத்திருக்கின்றன. நாங்கள் ஒரு மண்மேட்டிற்காக வைத்தோம்.

எனினும் இரவு முழுவதும் திரையை எவர் பார்த்துக்கொண்டிருப்பது? மனிதக் கண்ணுக்குப் பதிலாக ஒரு நிரல் கேள்வி கேட்டு விடைபெறும் வாசலே ஏ.பி.ஐ. எனப்படுவது. குறித்த முகவரிக்குக் கேள்வியை அனுப்பினால் வரைபுக்குப் பதில் எண்களாகவே விடை வரும். வரம்பு கடந்திருப்பின் அப்பாவின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பிவிடலாம். நூலகத்து மூலையில் ஒரு வாரம் இருந்து எழுதிய என் நிரல் முதன்முதலாக அவ்வாசலைத் தட்டியபோது கிடைத்த விடை மூன்று இலக்கங்கள் மாத்திரமே: 401. நீ யாரென்று தெரியாது என்பது அதன் பொருள். (ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரோ ‘அனுமதியற்றது’ என்பதாகும். பெயரிட்டவர்கள் சற்று நிதானித்திருக்கலாம்.)

கிராஃபானாவிலே மனிதருக்கன்றி நிரல்களுக்கென்றே ‘சேவைக் கணக்கு’ ஒன்றைத் திறக்கலாம். அதற்கு வழங்கப்படும் நீண்ட எழுத்துக்கோவையே டோக்கன். உருவாக்கும்போது ஒரேயொரு முறை திரையில் தோன்றும். அப்போதே எழுதிவைக்கத் தவறினால் புதியதொன்றுதான் பெறவேண்டும். ஒவ்வொரு கேள்வியின் தலைப்பகுதியிலும் ‘பேரர்’ என்ற சொல்லை இட்டு அதன்பின் டோக்கனை இணைக்க வேண்டும். காசோலையிலே ‘கொண்டுவருபவர்’ என்று எழுதுகிறோமே, அதே சொல்தான். கொண்டுவந்தவர் எவராயினும் வாசல் திறக்கும்.

இதனை வாசித்தபோது எங்கள் முன்னோரின் கழுத்து நினைவுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு, தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்த சிறு தகரவில்லை அணிவிக்கப்பட்டது. வழியில் எவரும் அவர்களின் பெயரைக் கேட்கத் தேவையிருக்கவில்லை; தகரம் பேசியது. வந்து சேர்ந்தபின் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றிற் சேர்வதாயின் ‘துண்டு’ வேண்டும். கடன் இன்னதென்று காட்டும் அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஆள் இன்னாரென்று தெரிந்திருந்தும் துண்டில்லாதவர் அடுத்த தோட்டத்திற் சேரமுடியாது. நீ யார் என்பது ஒரு கேள்வி, உனக்கு என்ன செய்ய உரிமையுண்டு என்பது வேறொரு கேள்வி என்பதை அவர்கள் உடம்பால் அறிந்திருந்தனர்.

நான் அறிந்தது 403 என்ற விடையால். நண்பர் தந்திருந்தது ‘பார்வையாளர்’ தரத்து டோக்கன். அதைக்கொண்டு மழையளவை வாசிக்க முடிந்தது. ஆனால் 75, 100, 150 என மூன்று கோடுகளை வரைபலகையில் சேர்த்துச் சேமிக்க முயன்றபோது, உன்னைத் தெரியும், ஆயினும் இது உனக்கில்லை என்றது இயந்திரம். பொறுமையிழந்து நிர்வாகி தரத்து டோக்கனையே கேட்டு வாங்கினேன். அன்றிரவே, பழையதன்மீது எழுது என்ற குறிப்புடன் அரைகுறையாக அனுப்பிய என் ஆணை முழு வரைபலகையையும் துடைத்துவிட்டது. தரவுத்தளத்திற்கு ஒன்றும் நேரவில்லை. கிராஃபானா பழைய பதிப்புகளைச் சேமித்து வைப்பதால் நண்பர் காலையில் மீட்டுத் தந்தார். ஆனால் அவ்விரவு நல்லதண்ணியில் மழை. நான் வெற்றுத் திரையைப் பார்த்தபடி, மணிக்கொரு முறை அம்மாவை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது டோக்கன்கள் இரண்டு. செய்தி அனுப்பும் நிரலிடம் பார்வையாளர் தரத்தது மட்டுமே உண்டு. வரைபலகையைத் திருத்துவதற்கான மற்றையது ஒரு நாளில் காலாவதியாகும். தேவைப்படும்போது புதிதாகக் கேட்டுப் பெறுகிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கே எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிட்டு நான் இந்நிரலை எழுதவில்லை. ஆயினும் சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு 100ஐக் கடந்து முதற்செய்தி போனபோது, ஐந்து நிமிடத்தில் அப்பா அழைத்தார்.

“செய்தி வந்துச்சு தம்பி. எல்லாரையும் எழுப்பிட்டேன். பள்ளிக்கூட மண்டபத்துச் சாவி யாருகிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”