ஒலி ஒன்று, உறவு வேறு

பின்லாந்தில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து சில மாதங்களுக்கு முன் மடல் ஒன்று வந்தது. ஸலாம் உரைத்து, நலம் வினவிய பின் எழுதியிருந்தார்:

"ஹஜ்ரத், இங்கே மீனைக் 'கலா' என்கிறார்கள். முன்பு நான் அயர்லாந்தில் இருந்தபோது, அந்நாட்டுக் கேலிக் மொழியில் 'கலா' என்றால் கப்பல் அடையும் துறை என்று கேட்டறிந்தேன். மீனும் துறையும் சேர்ந்தே இருப்பவை அல்லவா? இரண்டும் ஒரே சொல்லாகத்தானே இருக்கவேண்டும்? ஒலி ஒன்றானால் உறவும் உண்டென்று தாங்கள் அன்று மேடையில் சொன்னது நினைவுக்கு வந்தது."

கடைசி வரியைப் படித்ததும் மடலை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த மேடையை நான் மறக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மீலாது விழாவொன்றில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசினேன். 'ஓதுவீராக' எனும் கட்டளையோடு தொடங்கும் அலக் அத்தியாயத்தில் 'கல்லா' எனும் சொல் மூன்று இடங்களில் வருகிறது. அரபியில் அது, 'அவ்வாறன்று' என மறுத்துக் கண்டிக்கும் ஹர்ஃபு. தமிழில் 'கல்லா' என்பதோ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு, "கல்லாதவனே வரம்பு மீறுவான் என்று அரபும் தமிழும் ஒருசேரச் சாட்சி சொல்கின்றன" என்றேன். அவை ஆர்ப்பரித்தது. அன்றிரவே உள்ளம் உறுத்தியது. ஆயினும் நான் திருத்தவில்லை.

மாணவரின் வினாவுக்கு விடை தேடிப் படிக்கலானேன். பின்னிய மொழியின் 'கலா' யூராலியக் குடும்பத்துச் சொல். அக்குடும்பத்து ஹங்கேரிய மொழியில் மீனுக்கு 'ஹல்' என்று பெயர். பின்னியத்தில் மூன்று 'கொல்மே', ஹங்கேரியத்தில் 'ஹாரொம்'. அங்கே குடில் 'கொதா'. இங்கே வீடு 'ஹாஸ்'. ககரம் ஹகரமாவது ஒரு நெறியாகவே நிற்கிறது. 1769-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண வடநார்வேக்குச் சென்ற ஹங்கேரியப் பாதிரியார் சைனோவிச், அங்கே சாமி மக்களின் பேச்சைக் கேட்டு, அதற்கும் தம் தாய்மொழிக்கும் உள்ள உறவை 1770-இல் நூலாக்கினார்.

கேலிக் மொழியோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது. துறையைக் குறிக்கும் அதன் 'கலா', பழைய ஐரிஷில் 'கலத்' என வழங்கியது. அம்மொழியில் மீனுக்கு 'ஈஅஸ்க்' என்று பெயர். இதுவே லத்தீன் 'பிஸ்கிஸ்', ஆங்கில 'ஃபிஷ்' ஆகியவற்றின் உடன்பிறப்பு! கெல்திய மொழிகள் பண்டைய பகர ஒலியை இழந்தமையால் முகம் மாறிவிட்டது. ஒரே முகமுடைய இரண்டு 'கலா'க்களும் அந்நியர்கள். முகம் ஒவ்வாத 'ஈஅஸ்க்'கும் 'ஃபிஷ்'ஷும் ஒரு தாய் மக்கள்.

சாயலை வைத்து உறவு சொல்வது எளிது. வம்சாவளியை ஆராய்வதற்குப் பொறுமை வேண்டும். நபிமொழி ஒன்றை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையைத் தேடும் மரபில் பயின்ற நான், ஒரு சொல்லுக்கு அந்த 'இஸ்னாதை'த் தேடாமல் விட்டேன். அதிலும் இறைவசனத்தின் சொல்லுக்கு!

மாணவருக்கு மறுமொழி எழுதினேன்: "தம்பி, மீனும் துறையும் கடலால் அண்டை வீட்டார், உறவினர் அல்லர். அன்று நான் மேடையில் சொன்னது பிழை. நீர் யாருக்கேனும் அதை எடுத்துச் சொல்லியிருந்தால், ஹஜ்ரத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அவர்களுக்கும் சொல்லிவிடும்."

அன்று அந்த அவையில் இருந்தோருள் எவரேனும் இவ்விதழை வாசிப்பவராயின், அவருக்கும் என் வேண்டுகோள் அதுவே.