நான் போட்ட எறிகணை

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில் தருமபுரத்தைக் கடந்தால் விசுவமடு வரும். 1960களின் பிற்பகுதியில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தின் கீழ் காடு வெட்டிக் கழனியாக்கப்பட்ட மண் அது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, செத்தல் மிளகாயால் இவ்வூர் நிமிர்ந்தது. ஆயினும் விசுவமடு என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது மிளகாயன்று. ஒரு சிறுகதையும், அதற்கு நான் இழைத்த பிழையுமே.

1994ஆம் ஆண்டு. கொழும்பில் பத்திரிகையொன்றின் ஞாயிறு இலக்கியப் பக்கத்துக்கு உதவி ஆசிரியனாக இருந்தேன். பல்கலைக்கழகத்தை விட்டு வந்த புதிது. இலக்கியம் யாதென்பது எனக்குத் தெரியும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. வவுனியா ஊடாக வாரக்கணக்கில் பயணித்து ஒரு கதை வந்து சேர்ந்தது. கோடிட்ட கொப்பித் தாளில், போத்தல் விளக்கின் கரி படிந்த எழுத்துகள். எழுதியவர் விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்பவர்.

கதை எளியது. இரவில் தந்தையும் மகனும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள். பாதிப் பாத்திகள் நனைந்த நிலையில் மண்ணெண்ணெய் தீர்ந்து இயந்திரம் நின்றுவிடுகிறது. இருவரும் வரம்பில் அமர்ந்து விடியும்வரை பேசாமல் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. போர்க்காலத்தில் வன்னியில் இருந்து வரும் கதையில் போர் வேண்டாமா? 'கொட்டில்' என்றிருந்ததைக் 'குடிசை' ஆக்கினேன். 'மம்மல்' என்றதை 'அந்திப்பொழுது' என மாற்றினேன். இறுதியில் நான்கு வரிகளைச் சேர்த்து, அந்த வரம்பில் ஓர் எறிகணையை விழச் செய்தேன். கதை வெளிவந்தது. அந்த முடிவைப் பாராட்டி வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அன்றிரவு மிளகாய்க் கன்றுகள் தண்ணீர் இல்லாமல் நின்றன, அதுதான் கதை என்று மட்டும் எழுதியிருந்தார். அதன்பின் அவர் எமக்கு எதுவும் அனுப்பவில்லை. நானும் பதில் எழுதவில்லை.

போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 2012இல், செய்தி சேகரிக்கச் சென்றபோது அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். தகரக் கொட்டில் ஒன்றின் முன் அமர்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"எங்களுக்கு விழுந்தது காணாதெண்டு நீங்களும் ஒண்டு போட்டனீங்களெல்லோ, தம்பி."

எனக்குச் சிரிக்க முடியவில்லை.

பதினைந்து ஆண்டுகளில் எழுதிய பதினொரு கொப்பிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு, 2009 ஜனவரியில் ஊரோடு இடம்பெயர்ந்திருக்கிறார். புதுக்குடியிருப்பைக் கடந்தபின் அந்தப் பை அவரிடம் இல்லை. அவற்றுள் ஒன்றும் அச்சேறியதில்லை. எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். "தண்ணி இறைச்சு முடிய உடம்பு அலுப்பாயிருக்கும். எழுதினால்தான் நித்திரை வரும்" என்றார். அப்போதும் பக்கத்தில் ஒரு புதிய கொப்பி இருந்தது. தொலைந்தவற்றைத் திரும்ப எழுதுகிறீர்களா என்றேன். "அது வராது. இது வேற" என்றார்.

நான் நாள்தோறும் எழுதுகிறவன். எழுத்து எனக்குச் சோறு தந்தது, பெயரும் தந்தது. ஆனால் எழுதி முடித்த நிறைவோடு உறங்கிய இரவுகளை எண்ணிப் பார்த்தால் விரல்களே அதிகம். ஆசிரியர் என்ன எதிர்பார்ப்பார், வாசகர் எதற்குக் கண்கலங்குவார் என்று கணக்கிட்டே எழுதிப் பழகிய கை இது. அந்தக் கணக்கைத்தான் அவருடைய கதையிலும் போட்டேன்.

வன்னி மண்ணுக்கு வெளியார் கணக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. தண்ணிமுறிப்புக் காட்டுப்புறத்து எளிய மனிதர்களை அவர்களுடைய மொழியிலேயே எழுதினார் அ. பாலமனோகரன். அந்த 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து சாகித்திய விருதும் பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் வாசிக்கப்படுகிறது. பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வி வயலையும் இடப்பெயர்வையும் எழுதியது, அவற்றின் நடுவே வாழ்ந்துகொண்டே. தம் காலடி மண் போதும் என்று நம்பியவர்கள் இவர்கள்.

வீடு திரும்பியதும் பழைய கோப்புகளைக் கிளறினேன். அந்த ஞாயிறு இதழின் நறுக்கு இருந்தது. அவருடைய எழுத்தில் உலகில் எஞ்சியிருந்தது அதுவொன்றே. நான் கெடுத்த பிரதி. அதை எடுத்துக்கொண்டு மறுபடி விசுவமடுவுக்குப் போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் வாசித்தார். பின் என் பேனாவை வாங்கிக் கடைசி நான்கு வரிகளையும் நிதானமாக வெட்டினார். 'குடிசை'க்கு மேல் 'கொட்டில்' என்று எழுதினார். 'அந்திப்பொழுது' வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிவிட்டு 'மம்மல்' என எழுதினார்.

பிரதியை என்னிடம் நீட்டி, "இப்ப சரி" என்றார்.

அன்று மாலை அவர் தோட்டத்தில் தண்ணீர் கட்ட நானும் கூட நின்றேன். மம்மல் பொழுது. கடைசிப் பாத்தியும் நனைந்த பின்னரே இயந்திரத்தை நிறுத்தினார்.