பதிவில் ஏறாத சூடு

பெர்லின் ஒலிம்பியா ஸ்டேடியம், 2019 ஜூன். மணி எட்டரை ஆகப்போகிறது, வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்த ஊரில் ஜூன் மாதச் சூரியன் ஒன்பதரைக்குத்தான் போகும். 1936 ஒலிம்பிக்ஸுக்கென்று கட்டிய கல் வளையத்துக்குள் ராம்ஸ்டைன் இசைக்குழுவின் மேடை: இரும்புச் சட்டங்கள், குழாய்கள், நடுவே ஒரு கோபுரம். இண்டஸ்ட்ரியல் ராக் என்ற பெயருக்கேற்ப, மூடிப்போன ஆலை ஒன்றைப் பெயர்த்து வந்து நிறுத்தியது போல.

எனக்கு முன்வரிசையில் ஓர் அப்பாவும் மகளும். அவளுக்குப் பதினாறு இருக்கலாம். அவருடைய கறுப்பு டி-ஷர்ட் துவைத்துத் துவைத்துச் சாம்பல் பூத்துவிட்டது. அவளுடையது வாசலில் வாங்கிய புதுசு; மடிப்புத் தடம் முதுகின் குறுக்கே அப்படியே கிடக்கிறது. காதில் ஆரஞ்சு நிற நுரை அடைப்பான். அவரிடமும் ஒரு ஜோடி நீட்டினாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

வாணவேடிக்கைக்காக ஹேண்டல் 1749-இல் எழுதிய இசை ஒலிபெருக்கியில் ஓடி முடிகிறது. ஒரு வெடி. அவள் தோள் துள்ளி அடங்குகிறது. மேடையிலிருந்து கரும்புகை எழும்புகிறது.

எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். பாடகர் டில் லிண்டெமன் வாயெடுக்குமுன் அவள் உதடு அசைந்துவிடுகிறது. கீபோர்டுக்காரர் ஃபிளாக்கேயைக் கொப்பரைக்குள் இறக்கித் தீப்பீச்சியால் வாட்டும் கூத்து வருகிறது. சின்னத் துப்பாக்கி, பிறகு பெரியது, பிறகு அதைவிடப் பெரியது. கூட்டம் அலறுகிறது, அவள் சிரிக்கிறாள். வீடியோவில் பல தடவை பார்த்திருப்பாள் போலும்.

'டு ஹாஸ்ட்' பாட்டில் கதை மாறுகிறது. அரங்கமே கத்தும் இடத்தில் அப்பாவும் முஷ்டியை உயர்த்திக் கத்துகிறார், கழுத்து நரம்பு புடைக்க. அவள் மேடையை விட்டுவிட்டு அவரையே பார்க்கிறாள். வீட்டில் இந்த மனிதர் சத்தம் போட்டுப் பார்த்ததில்லையோ என்னவோ.

அடுத்தது 'சோன'. இருட்டிய வானத்தை நோக்கி மேடையிலும், கூட்டத்துக்கு நடுவே நிற்கும் கோபுரங்களிலும் ஒரே நொடியில் தீ பீறிடுகிறது. இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கும் எங்கள் முகத்தில் சூடு அறைகிறது. அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். உள்ளங்கையை விரித்து நெருப்பின் பக்கம் நீட்டுகிறாள். போனில் எத்தனை முறை பார்த்தாலும் இது மட்டும் வராது.

இத்தனை தீக்கும் பின்னால் இருப்பது வெறியல்ல, தொழில் ஒழுங்கு. 1996-இல் இதே பெர்லினில் இவர்கள் கச்சேரியில் எரிந்துகொண்டிருந்த அலங்காரம் மேடையில் சரிந்து விழுந்தது. அதற்குப் பிறகு வெடித்தீ வேலைக்குத் தேர்ந்த ஆட்களை வைத்தார்கள். லிண்டெமனே பயின்று உரிமம் பெற்றார். 1994-இல் சேர்ந்த அறுவர், எல்லாரும் பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். இன்றுவரை ஓர் ஆள் மாறவில்லை. பாட்டுக்குப் பாட்டு பேச்சுக் கிடையாது. நன்றியுரை, பொன்னாடை வகையறா எதுவும் இல்லை.

பிறகு பியானோவோடு 'எங்கல்'. மைதானத்து நடுவிலிருந்த சிறுமேடையில் பாடி முடித்து, ரப்பர் படகுகளில் ஏறி, கூட்டத்தின் கைகள் மேலேயே மிதந்து குழுவின் மற்றவர்கள் பெரிய மேடைக்குத் திரும்புகிறார்கள். கரையில் லிண்டெமன் 'வருக' என்று எழுதிய அட்டையோடு நிற்கிறார். மகள் எம்பி எம்பிப் பார்க்கிறாள். கடைசியில் ஆறு பேரும் மண்டியிட்டு வணங்கிவிட்டுப் போகிறார்கள்.

வெளியேறும் நெரிசலில் மகள் எதையோ சொல்கிறாள். அப்பா குனிந்து காதைக் காட்டுகிறார். திரும்பச் சொல்கிறாள். அவர் உள்ளங்கையால் காதைத் தட்டிக்கொள்கிறார்.

இப்படியான கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உட்காதின் மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அடைப்பான் ஒரு காப்பிக் காசுதான். பிள்ளைகள் நீட்டினால், அப்பாக்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.