எந்தக் கம்பெனி விமானம் ஓட்டலாம்?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து உத்தியோக உத்தரவு வந்தால் என்ன சொல்வீர்கள்? "சம்பளம் எங்கே கூடுதலோ அங்கே போடா" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள்.

அக்கா பிள்ளை விமானம் ஓட்டக் கற்றவன். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்குவதற்குள் திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த எட்டு மா நஞ்சை கைமாறிவிட்டது. (இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) ஆகவே முறைப்பதற்கு அக்காவுக்கு உரிமை உண்டு.

ஒன்று பெரிய கம்பெனி. ஏர்பஸ் ஜெட் விமானம். கோ-பைலட்டாகச் சேர்ந்து, காப்டன் ஆவதற்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். மற்றொன்று புதுக் கம்பெனி. இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன ஏ.டி.ஆர். விமானம். சம்பளம் அதிகம், சீக்கிரமே காப்டன் ஆக்குவதாக வேறு ஆசை காட்டினார்கள்.

"சின்னதிலே சேர்கிறேன், மாமா. பிடிக்காவிட்டால் மாறிக்கொண்டால் போயிற்று" என்றான் பையன்.

மாறுவது அத்தனை சுலபமா? 2017-ல் சர்க்கார் போட்ட விதிப்படி கோ-பைலட் விலக ஆறு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். காப்டன் என்றால் ஒரு வருஷம்! ஏ.டி.ஆர். ஓட்டினவன் ஏர்பஸ் ஓட்ட வேண்டுமானால் அதற்கென்று தனிப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலே சீனியாரிட்டி. பறந்த மணிக்கணக்கு லாக் புத்தகத்தில் கூடவே வரும், சீனியாரிட்டி வராது. புது இடத்தில் மறுபடி கடைசி ஆள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு அது எப்போது போய்ச் சேரும்? கம்பெனி மாறுகிற விமானி, தலைமடையை விட்டுக் கடைமடைக்குக் குடிபோகிறவன்.

அவனாக மாறாவிட்டாலும் வாய்க்காலே வற்றிப் போவதுண்டு. 2005-ல் ஆடம்பரமாகத் தொடங்கிய கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. 1993 முதல் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். இவற்றில் சேர்ந்தவர்களும் நல்ல சம்பளம் என்றுதானே சேர்ந்திருப்பார்கள்?

இதையெல்லாம் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் கேட்டாள்: "ஏண்டா, அந்தப் புதுக் கம்பெனிக்கு விமானமெல்லாம் சொந்தமா, குத்தகையா?"

பையன் சிரித்தான். "எல்லாக் கம்பெனியுமே பெரும்பாலும் குத்தகைக்குத்தான் எடுக்கிறது, அம்மா."

"எடுக்கட்டும். பாக்கி இல்லாமல் அளக்கிறவன் யார் என்று விசாரி."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெட் ஏர்வேஸ் கதையில் நடந்தது இதுதானே! குத்தகைப் பணம் நிற்க நிற்க, விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன. நூறு பேப்பர் படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாள் அவன் நண்பர்களுக்கெல்லாம் டெலிபோன் செய்தான். புதுக் கம்பெனியில் போன மாதச் சம்பளம் இந்த மாதம் இருபதாம் தேதிதான் வந்ததாம். பெரிய கம்பெனிக்கே சம்மதம் எழுதினான்.

இப்போது கோ-பைலட். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் கிளம்பி இரையும்போதெல்லாம் அக்கா வாசலுக்கு ஓடி வந்து, "நம்ம பிள்ளையா பார்" என்கிறாள். "அது சண்டை விமானம், அக்கா" என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தீபாவளிக்கு அவன் வரவில்லை. லீவு சீனியர்களுக்குப் போய்விட்டதாம். அதிரசத்தை டப்பாவில் போட்டுத் திருச்சி வரை எடுத்துப் போனேன். விமானம் திரும்புவதற்கு இருந்த அவகாசத்தில் அவனால் வெளியே வர முடியவில்லை. டப்பாவுடன் கடைசி பஸ்ஸில் வீடு திரும்பினேன்.