ஆடியில் பட்டணம் போன கேமராக்கள்

மாயவரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆடி என்றால் காவிரியில் புதுத்தண்ணி, பதினெட்டாம் பெருக்கு, கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை. எனக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்து நினைவுக்கு வரும். மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஸ்டுடியோவிலிருந்து கேமரா ரிப்பேருக்காகப் பட்டணம் கிளம்பும் மாதம் அது. முகூர்த்தம் இல்லாத மாதமாயிற்றே. ஆனியின் கடைசிக் கல்யாணம் முடிந்த கையோடு ஸ்டுடியோ மாமா கேமராவைக் காதருகே வைத்து ஷட்டரைத் தட்டிப் பார்ப்பார். ஒரு விநாடிக்கு வைத்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஜீ என்று சீராக ஓடி நிற்க வேண்டும். கிரீஸ் இறுகியிருந்தால் அந்தச் சத்தம் நடுவில் தயங்கும். "இழுக்குதுடா தம்பி, அனுப்பிட வேண்டியதுதான்" என்பார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும். ஆடியில் அனுப்பத் தவறினால் அடுத்தது மார்கழிதான்.

அந்த ஸ்டுடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊர் பெயர்தான் வேறாக இருந்திருக்கும். வாசலில் பவுடர் டப்பா, பல் உடைந்த சீப்பு, ரசம் போன கண்ணாடி. உள்ளே மாடிப்படியும் பூந்தொட்டியும் எழுதிய திரை. அதற்கும் பின்னால், ஹைப்போ வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்ட இருட்டறை. மாமாவிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி. மேலும் கீழுமாக இரண்டு கண். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. குனிந்து மேலே இருக்கும் தேய்த்த கண்ணாடியில் பார்த்தால் மணமகன் இடமும் மணமகள் வலமுமாக மாறித் தெரிவார்கள். 120 ரோலுக்கு 12 படம். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் ஏறிக்கொள்ளும். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கேமரா. 1985-இல், அந்த வழியில் ஓடிய சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி முழுக்கத் துலாக்கட்டத்தில் கூட்டம். கடைமுழுக்கு அன்று தெருவெல்லாம் நனைந்த வேட்டி, நனைந்த விபூதி. சுவரில் கை வைத்தால் கையில் நீர் ஒட்டும். உப்பு ஜாடியில் உப்பு கசியும். அந்த மழை லென்ஸையும் விட்டதில்லை. கார்த்திகையில் லென்ஸை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய வெள்ளை இழைகள் கிளைவிட்டிருக்கும். பூசணம். அது கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்று, விட்டால் கண்ணாடியையே அரிக்கும். மாமா கேமராப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பார். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டால் இரும்புச் சட்டியில் வறுப்போம், மறுபடி நீலமாகும். அடுப்பில் மணி வறுபடும் அந்த மெல்லிய சடசடப்பு மழைச் சத்தத்துக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அனுப்புகிற நாள் கடையில் வேறு வேலை நடக்காது. பழைய வெள்ளை வேட்டியில், தூளியில் பிள்ளையைக் கிடத்துவது போல, கேமராவைக் கிடத்துவார் மாமா. மேலே பஞ்சு, அதற்கு மேல் மரப்பெட்டி, இடைவெளியில் வைக்கோல். பெட்டியைச் சுற்றி மல்துணி வைத்துக் கோணி ஊசியால் தைப்பது என் வேலை. தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் தபாலாபீசில் வாங்க மாட்டார்கள். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கித் தையல் மேல் வரிசையாகச் சொட்டவிட்டு, சூடு ஆறுமுன் பித்தளை முத்திரையை அழுத்துவோம். எரிந்த அரக்கின் அந்த இனிப்பு வாடை சாயங்காலம் வரை விரலில் இருக்கும். மைப் பென்சிலை நாக்கில் தொட்டு முகவரி எழுதுவார். இன்ஷூர் பார்சல். ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். பட்டணம் போகிற நம்பிக்கையான ஆள் கிடைத்தால் சோழன் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போகச் சொல்லுவதும் உண்டு. அந்த வண்டி கிளம்பும்வரை மாமா ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றிருப்பார்.

அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் ஓர் அமைதி. வருகிறவர்களிடம், "கேமரா பட்டணம் போயிருக்கு" என்று சொன்னால் போதும், ஊர்க்காரர்கள் புரிந்துகொண்டு, "எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவசரமாகப் படம் வேண்டுமென்று யாராவது வந்து நின்றால் எதிர்க்கடைக்காரர் தன் கேமராவை இரவல் தருவார். தொழிலில் இருவருக்கும் போட்டிதான். ஆனால் கேமரா ரிப்பேர் என்றால் அது வேறு. அவருடைய கேமரா போகும்போது இவருடையது அங்கே போகும். காளியாகுடி ஓட்டலில் காபி சாப்பிடும்போதுகூட அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்தவர்கள், இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பியாக இருந்தார்கள்.

பட்டணத்தில் கேமரா போய்ச் சேர்ந்த இடம் திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறை. அங்கே இருந்தவரை நாங்கள் பாய் என்போம். அவர் மாயவரத்துக்கு வந்ததே இல்லை. ஆனால் எங்கள் ஊரை அவருக்குத் தெரியும். கேமராவைத் திறந்ததும் முதலில் ஒரு கார்டு எழுதுவார். லென்ஸில் பூசணம், இந்த வருஷம் மழை பலமோ என்று கேட்டிருப்பார். மடிப்பில் ஹோமப் புகையின் கரி. குமிழின் இடுக்கில் மஞ்சள் தடவிய அரிசி ஒன்று, யாரோ தூவிய அட்சதை. ஒருமுறை வயல்மண், களம் அடிக்கிறபோது எடுத்தீர்களா என்று. எங்கள் வருஷம் முழுவதும் அந்தக் கேமராவின் இடுக்குகளில் படிந்திருந்தது. அதைத் தூரிகையால் துடைத்தெடுத்து எங்களுக்கே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார் அவர்.

வளர்ந்த பிறகு நானே ஒருமுறை கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். குறுகலான படி, அத்தரும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கழற்றிய வரிசைப்படி அடுக்கிய திருகாணிகள். "உட்காருங்க தம்பி, டீ வரும்" என்றார், கண்ணிலிருந்து லூப்பை எடுக்காமலே. அப்போது வெளிநாட்டு உதிரிப் பாகம் சுலபத்தில் கிடைக்காது. செத்துப்போன கேமராக்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. ஒன்றின் சுருள்வில் இன்னொன்றுக்குப் போகும். ஷட்டரின் மெல்லிய தகடுகளில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்துத் தனித்தனியாகப் பிரிப்பார். முடித்ததும், கேமராவின் பின்கதவைத் திறந்து டிவித் திரைக்கு நேரே பிடித்து ஷட்டரைத் தட்டுவார். கண்ணில் பளிச்சிட்டு மறையும் பட்டையின் அகலத்தை வைத்து விநாடியில் 500-இல் ஒரு பங்கு வேகம் சரியாக வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

எல்லாமே பட்டணம் போனதில்லை. மாமாவிடம் ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக்கேமரா ஒன்று இருந்தது. தேக்குச் சட்டம், பித்தளைப் பூண், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற வகை. அதன் துருத்தி மடிப்பில் ஊசித்துளை விழுந்தால் வெளிச்சம் கசிந்து படத்தில் வெள்ளைக் கீற்று விழும். அதைச் சரிசெய்தவர் கூறைநாட்டில் ஆர்மோனியம் பழுது பார்த்தவர். அந்தக் கேமரா பிறந்ததே அப்படித்தான். இசைக்கருவி செய்கிற ஆலப்புழைக் குடும்பம் ஒன்றிடம் ஒரு ஸ்டுடியோக்காரர் துருத்தியைச் சரிசெய்யக் கொண்டு போக, அந்த வீட்டுப் பிள்ளை கருணாகரன் முழுக் கேமராவையே செய்யத் தொடங்கினார். காற்று போகாமல் தோலை ஒட்டத் தெரிந்த கைக்கு, வெளிச்சம் போகாமல் ஒட்டவும் தெரிந்திருந்தது.

கேமரா திரும்பி வருவது வி.பி.பி.யில். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி மணியடிக்கும்போதே மாமா கல்லாவைத் திறந்துவிடுவார். பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கித் தையலைப் பிரித்தால் முதலில் பாயின் அத்தர் மணக்கும். மாமா கேமராவைக் காதருகே வைத்து ஒரு விநாடியைத் தட்டுவார். ஜீ. சீராக ஓடி நின்றதும் முகம் மலரும். புது ரோலின் முதல் படத்தைத் தபால்காரரையே நிற்கவைத்து எடுப்பார். அந்தத் தபால்காரரின் முகம் ஆடிக்கு ஆடி நரைத்துக்கொண்டே போனது அந்த நெகட்டிவ்களில் இருக்கிறது.

இன்று அந்தச் சந்தில் ஸ்டுடியோ இல்லை. மாமாவும் இல்லை. பாய் காலமானதும் அவர் பீரோ கேமராக்கள் எடைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஊட்டியில் இந்து பிலிம் செய்த ஆலை மூடிக்கிடக்கிறது. பதிவுத் தபால் என்ற தனிச்சேவையே 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இப்போதைய கேமரா கெட்டால், "போர்டு மாத்தணும்" என்கிறார்கள், அந்த விலைக்கு இன்னொன்று வாங்கலாம் என்கிறார்கள். உள்ளே என்ன படிந்திருந்தது என்று யாரும் கார்டு எழுதுவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ அப்பாவின் கேமரா ஒன்று கிடக்கலாம். மழை விட்ட ஒரு நாளில் எடுத்து, உறையை நீக்கி, காற்றுப் பட வையுங்கள். ஷட்டரைத் தட்டிக் காதருகே கேளுங்கள். இழுத்தால், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள்.