வெற்றிலைக் கோடு

பிரம்பு இல்லாமல் வகுப்புக்குள் வருகிற ஒரே வாத்தியார் நம்ம டிராயிங் மாஸ்டர்தான், உனக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். கக்கத்தில் மஞ்சள் பை. அதற்குள் கலர் சாக்பீஸ், பழைய பிளேடு, ஈரத்துணியில் சுற்றிய கொழுந்து வெற்றிலை. மாஸ்டருக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. அத்தனையும் நமக்குத்தான். பெஞ்சுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போவார். கும்பகோணத்து வெற்றிலையின் அந்தப் பச்சை வாசனை அறை முழுக்கப் பரவும்.

"நடு நரம்பை மொதல்ல போடு. அப்புறந்தான் தோளு."

இடது பக்கத்து வளைவு எல்லாருக்கும் வந்துவிடும். வலது பக்கம்தான் பாடம். நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்தப் பக்கமும் அவ்வளவு நிற்க வேண்டும். ஸ்கேல் கூடாது, கண்ணாலேயே அளக்கணும். ரப்பரும் கூடாது. "தப்பான கோடு இருக்கட்டும்டா. பக்கத்துலயே சரியான கோட்டப் போடு. எங்க வெலகிச்சுன்னு உனக்குத் தெரிய வேணாமா?" என்பார். எத்தனையோ பேரிடம் பிறகு படித்தேன். இதற்கு மேலான பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

வட்டம் போடக் கற்றது வகுப்பில் இல்லை, அரசலாற்று மணலில். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும். நாம் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்துவிட்டு ஆளுக்கொரு குச்சியோடு உட்காருவோம். மணிக்கட்டு ஆடக் கூடாது, கை தோளிலிருந்து வரவேண்டும் என்பது மாஸ்டர் கட்டளை. மணிக்கட்டால் போட்டால் சின்ன வட்டம் வரும், பெரிய வட்டம் கோணிக்கொள்ளும். தோளிலிருந்து கை சுற்றும்போது கோடு தானே தன் வாலைத் தேடி வந்து சேரும். ஈர மணலைக் கிழித்துக்கொண்டு குச்சி போகிற சரசரப்பு இப்போதும் கேட்கிறது. "உங்க அம்மா கோலம் போடறப்போ பக்கத்துல நின்னு பாருங்கடா" என்றும் சொல்லியிருந்தார். விடியலில் எழுந்து பார்த்தேன். அம்மா விரலைப் பார்ப்பதில்லை, அடுத்த புள்ளியைத்தான் பார்க்கிறாள். கை நின்றால் மாவு கொட்டிவிடும், அதனால் நிற்பதே இல்லை.

அப்புறம் சொம்பு. ஸ்டூல் மேல் பித்தளைச் சொம்பை வைத்து, முதலில் கண் மட்டத்துக்கு உட்காரச் சொல்வார். வாய் வெறும் நேர்கோடாகத் தெரியும். எழுந்து நின்றால் அது நீள்வட்டமாகத் திறந்துகொள்ளும். அடிப்பக்கத்து வளைவு வாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உருண்டிருக்கும், ஏனென்றால் அது கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. "ரெண்டு ஓரத்துலயும் கூர் வரக்கூடாது. சொம்புக்கு ஏதுடா மூலை?"

கத்தரிக்காய்க்கு ஒரு ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் சாத்திவிடுவார். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும். பிளேடால் சீவி நீளமாக நிறுத்திய டூ பி பென்சிலால் முதலில் ஐந்து கட்டம்: வெள்ளையில் தொடங்கிக் கறுப்புவரை. பிறகுதான் காய். பளபளப்புப் புள்ளி எங்கே, நிழல் எங்கே கனக்கிறது என்று தேடும்போது, இருட்டான பக்கத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று நிற்பது தெரியும். மேஜையில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் அது. அதைப் போட்டதும் காய் காகிதத்தைவிட்டு எழுந்து உருண்டது. நீ "அட!" என்று கத்தினாய்.

ஓவியர் கோபுலு படித்த கும்பகோணம் ஓவியப் பள்ளியில்தான் மாஸ்டரும் படித்தார். அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். சில்பியின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களை விகடனிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். சாயங்காலம் லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைக்குத் தயாராகிற பெரிய பையன்களுக்கு அந்தப் பக்கங்களில் இருந்த கோயில் தூண்களைக் காட்டுவார். வெள்ளையடித்த மரக் கனசதுரமும் கூம்பும் அவர்களுக்கு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர் மதராஸில் ஓவியப் பள்ளி தொடங்கினாரே, அங்கே தொடங்கிய படிப்பு நம்ம ஊர் ஓட்டுக் கட்டடம்வரை வந்திருந்தது என்று இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

கேமல் கலர் பெட்டியைத் திறந்தால் கோந்து வாசனை. உடனே படம் வரைய விடமாட்டார். பலகைக்கு அடியில் ஒரு புஸ்தகத்தை வைத்துச் சாய்த்து, பிரஷ் நிறைய நீலத்தை எடுத்து மேலே ஒரு பட்டை. அதன் கீழோரத்தில் தண்ணீர் திரண்டு நிற்கும். அந்தத் திரட்சியை இழுத்துக்கொண்டே அடிவரைக்கும் வரவேண்டும். போன இடத்துக்குப் பிரஷ் திரும்பக் கூடாது. சித்திரை வெயிலில் பாதியிலேயே காய்ந்து வரி விழும். அதற்காகக் காகிதத்தை முன்னாலேயே நனைத்துக்கொள்வோம். கறுப்புக் கட்டியை யாரும் தொடக்கூடாது. "சுண்ணாம்புச் செவத்து நெழலப் பாரு, கறுப்பாவா இருக்கு?" பார்த்தோம். நீலமாக இருந்தது.

இப்போது நம்ம ஊரில் போர்டு எழுதுகிற கடை இல்லை. டர்பன்டைன் நெடியும், வாசலில் காயவைத்த தகரப் பலகைகளும் பிளெக்ஸ் வந்ததும் போய்விட்டன. மாஸ்டரிடம் படித்த பையன்கள் பலர் அங்கே வேலை செய்துதான் சோறு தின்றார்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியட் அட்டவணையில் இருக்கிறது. பெரும்பாலும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். 2012இல் அரசு ஓவியத்துக்கும் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது, மாதம் 5,000 ரூபாய்க்கு. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. அவர்களை வெற்றிலை வாங்கிவரச் சொல்ல எனக்கு மனசு வராது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் வரையக் கூடுகிறார்கள். வெற்றிலை ஆயிற்று, கத்தரிக்காய் ஆயிற்று. போன வாரம் சொம்பு கொண்டுவரச் சொன்னேன். "எங்க வீட்டுல இல்ல தாத்தா, பழசெல்லாம் போட்டுட்டாங்க" என்றது ஒரு வாண்டு. அதனால் என்ன, பாதித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் படிக்கட்டில் வைத்தேன். மேல் படியிலிருந்து ஒருத்தி, கீழ்ப் படியிலிருந்து ஒருத்தன். "தண்ணி மட்டத்தப் பாருங்க, யாருக்கு அகலமாத் தெரியுது?" என்றேன். இரண்டு பேரும் இடம் மாறி மாறி உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரப்பரையெல்லாம் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.