பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

சிங்காநல்லூர்க் குளத்துப் பறவைகளைப் படம் பிடித்து வந்த நாங்கள், பள்ளிக் கண்காட்சிக்கென்று ஒரு பைத்தான் நிரல் எழுதினோம். நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான் என்று பன்னிரண்டு பறவைகள். பெயரை அழுத்தினால் படம் வரவேண்டும். கணினி அறையின் விண்டோஸ் கணினியில் மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் பன்னிரண்டும் வந்தன.

அரங்கில் வைக்கக் கிடைத்ததோ ஒரு தோழியின் அக்காவுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இதில் லினக்ஸ் மட்டுமே இப்போது ஓடுகிறது. முன்தினம் மாலை எல்லாவற்றையும் அதற்கு மாற்றினோம். ஐந்து பறவைகளே வந்தன. மற்ற ஏழுக்கும் கோப்பு இல்லை என்றது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! விடிந்தால் பெற்றோர் வந்துவிடுவார்களே என்று எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருத்தி கோப்புப் பெயரை உரக்க வாசிக்க, மற்றொருத்தி நிரலோடு ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. அவ்வழியே வந்த சிஸ்டர், ஆங்கிலக் கட்டுரைகளில் பெரிய எழுத்துக்காக எங்களிடம் அரை மதிப்பெண் பிடுங்குபவர், "வாசிக்காதீங்க அம்மிணிகளா, பாருங்க" என்றார்.

பார்த்தோம். காமெராவில் எடுத்த ஏழு படங்களின் பெயர் இறுதியில் ஜே, பி, ஜி மூன்றும் பெரிய எழுத்துகள். கைபேசியில் எடுத்த ஐந்திலும் சிறியவை. நிரலில் எல்லாமே சிறியவை. படங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டியபோது, விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டியதால் நாங்கள் கவனிக்கவில்லை.

கோப்பைத் தேடும்போது விண்டோஸ் வழக்கமாகப் பெரிது, சிறிது பாராது. லினக்ஸ் பார்க்கும். கணினிக்குள் எழுத்தெல்லாம் எண்தானே! ஆஸ்கி முறையில் பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97. தமிழிலேயே பெயர் வைத்திருக்கலாம் என்றாள் ஒருத்தி. வைத்தாலும் வால் ஆங்கிலம்தானே!

ஏழு பெயர்களையும் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்களை உறுத்தியது அந்த மூன்று சோதனைகள்தாம். கோப்பு இருக்கிறதா என்று விண்டோசைக் கேட்டால், இருக்கிறது என்றே சொல்லும். ஆகவே கோப்புறையின் பெயர்ப் பட்டியலை வாங்கி, நிரலிலுள்ள ஒவ்வொரு பெயரும் அதில் அப்படியே உள்ளதா என்று பைத்தானே ஒப்பிடும்படி ஒரு சிறு சோதனை எழுதினோம். கணினி அறைக்கு ஓடி, விண்டோசில் வேண்டுமென்றே முக்குளிப்பானின் வாலைப் பெரிதாக்கி ஓட்டினோம். உடனே பிடித்துக் கொடுத்தது.

வாசலில் அப்பாக்கள் ஏழரை மணி வரை காத்திருந்தார்கள்.